கடைசியாக அணைக்க வேண்டியது

அந்த நாளை வேளாங்கண்ணி சொல்லித்தான் கேட்க வேண்டும். அவளுக்கோ அது வரிசையாக நினைவில் இல்லை. பந்தல்காரர்கள் முதலில் வந்தார்களா, கோயில் மணி முதலில் அடித்ததா, வாடகை நாற்காலிகளை இறக்கும்போது யாரோ சிரித்தது அன்றைக்குத்தானா, அல்லது வேறு யாரோ வீட்டுச் சாவிலா என்றெல்லாம் கேட்டால் தடுமாறுவாள். ஒருநாள் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்வாள். ஒன்று மட்டும் எப்போதும் மாறாது. அவள் அப்போது சமையலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, துண்டில் சுற்றிய ரிமோட்டை அடியில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, அரிசியா அளக்குறீங்க?" பக்கத்து வீட்டு ஜெர்லின் வாசற்படியில் நின்றாள். "இன்னைக்கு இந்த வீட்டுல அடுப்புப் பத்த வைக்கக் கூடாது. எங்க வீட்டுலருந்து காபி வருது. எந்திரிங்க, வெளிய வந்து உக்காருங்க."

வேளாங்கண்ணி கையை உருவினாள். ஈரக் கையில் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிட்டு டிரம்மின் மூடியை அழுத்தி மூடினாள்.

முன்னறையில் பெண்கள் அழுதார்கள். நடுவில் வைத்து அழ உடல் இன்னும் வரவில்லை. அவள் கணவன் சகாயவினோத்தைக் காலையிலேயே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அறுத்துப் பார்த்து, கையெழுத்தாகி, பாலம் தாண்டித் தங்கச்சிமடம் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும் என்றார்கள்.

நண்டு வலை எடுக்கப் போன நாட்டுப்படகுக்காரர்கள்தான் விடியும் நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். கரையிலிருந்து தூரம்கூட இல்லை. பாசி மண்டிக் கிடக்கும் இடம், நெஞ்சளவு தண்ணீர். சத்தம் கேட்டு முதலில் கரைக்கு ஓடியவர் வினோத்தின் அண்ணன் சவேரியார். வேளாங்கண்ணியும் மகள் ஆஸ்லினும் போய்ச் சேர்ந்தபோது உடலைக் கரையில் கிடத்திவிட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வத்தைப் படகின் ஓரத்தில் அவன் சாமான்கள் இருந்தன. சட்டை நான்காக மடித்திருந்தது. அதன்மேல் ரிமோட். பக்கத்தில் செருப்புகள், பூசைக்குப் போகிறவன் கோயில் வாசலில் விட்டுப் போவதுபோல ஜோடியாக. போலீஸ்காரர் ஒருவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "விளையாட்டுச் சாமான்தானே, எடுத்துக்கங்க" என்றார்.

வேளாங்கண்ணி குனிந்து எடுத்தாள். ரிமோட்டின் ஸ்விட்ச் கீழே இறங்கியிருந்தது.

மற்ற யாருக்கும் அது ஒன்றுமில்லை. ரிமோட்டில் பொம்மை பிளேன் விடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். பிளேனைக் கிளப்பும் முன் ரிமோட்டைப் போட வேண்டும். பிளேன் இறங்கி, அதன் பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் ரிமோட்டை அணைக்க வேண்டும். "கடைசியா அணைக்க வேண்டியது இதுதான்" என்று வினோத் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். "பிளேன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி இத அணைச்சேன்னு வையி, அப்புறம் அது யாரோ, நாம யாரோ." கடலில் விழுந்த பிளேனை எடுக்கப் போகும்போதுகூட அவன் ரிமோட்டை எரியவிட்டு மணலில் போட்டுவிட்டுத்தான் ஓடுவான். எத்தனையோ தடவை அவள் பார்த்திருக்கிறாள்.

பிளேன் வீட்டில் இல்லை. கரையிலும் இல்லை. அது கடலில்தான் எங்கேயோ கிடக்கிறது. அது வெளியே இருக்கும்போதே ரிமோட்டை அணைத்துவிட்டு, சட்டையை மடித்து வைத்து, செருப்பை ஜோடி சேர்த்து விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கும் ஒரு மனிதன் பிளேனை எடுக்கப் போகிறவன் இல்லை. அவன் திரும்பி வருவதாகவே இல்லை.

இதை வேளாங்கண்ணி யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள்ளேயும் முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் குனிந்து ரிமோட்டை எடுத்தபோது பக்கத்தில் நின்ற ஆஸ்லினும் அந்த ஸ்விட்சைத்தான் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அப்பாவோடு உட்கார்ந்து எல்.ஈ.டி. பட்டைகளை ஒட்டியவள். அவளுக்கும் எல்லாம் தெரியும். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. அழவும் இல்லை. அவள் கேட்பதற்கு முன் ரிமோட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேளாங்கண்ணிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பந்தலுக்கு அடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாக ஆடிக்கொண்டு நின்றன. சன்னல் வழியே பேச்சு உள்ளே வந்தது.

"ட்யூப் லைட்டக் கட்டியிருக்கான் பாரு, கோணலா. வினோத்து இருந்தா இப்பிடிக் கட்ட விடுவானா?"

"அவன் சீரியல் செட்டுக் கட்டுனா நூல் புடிச்ச மாதிரில்ல இருக்கும்."

"ஏலே, அந்த மாதா கெபி கூத்து நெனவிருக்கா? ஏரோப்ளேனு போயி மாதா செல இருக்குற கெபிக்குப் பின்னாடி விழுந்து மினுக்கு மினுக்குன்னு மின்னுது. எங்க சின்னாத்தா பார்த்துட்டு அங்கனயே முழங்கால் போட்டுருச்சு. ஒரு ஜெபமாலை முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்தப் பய ஓரமா நின்னு, அப்புறந்தான் போயி எடுத்தான்."

சிலர் சிரித்தார்கள். உடனே ஒரு குரல் தாழ்ந்து வந்தது.

"அதெல்லாம் சரி. நீந்தத் தெரியாதவனா அவன்? நெஞ்சளவு தண்ணியில எப்பிடிய்யா?"

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

படகுகள் எதுவும் கடலில் இல்லாததால் பிளேனையும் யாரும் பார்க்கப் போவதில்லை என்பது அப்போதுதான் வேளாங்கண்ணிக்கு உறைத்தது. சோழகக் காற்று தெற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. எதையும் வடக்கே, கடலுக்குள்ளே தள்ளும் காற்று. அவனுக்கு மரியாதை செய்யத்தான் எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவன் பிளேன் மெல்ல மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தது.

வினோத்தும் ஒரு காலத்தில் தொழிலுக்குப் போனவன்தான். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அக்கரையில் இலங்கைச் சிறையில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தான். படகு திரும்பி வரவில்லை. வந்த பிறகு அவன் கடலில் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டான். அண்ணன் சவேரியார் தன் படகுக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கூப்பிடுவதை நிறுத்தினார். பிறகு பேசுவதையே நிறுத்தினார். வினோத் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் சீரியல் செட் கட்டப் போனான். அப்படிக் கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் சதக் பழக்கமானார். துபாயிலிருந்து திரும்பிவந்து, உப்பளத்துப் பக்கம் பிளேன் விட்டுக்கொண்டிருந்தவர். தன் பழைய ரிமோட் ஒன்றை அவனுக்குக் கொடுத்தார். தெர்மாகோலை வெட்டிப் பிளேன் செய்ய அவன் தானாகவே கற்றுக்கொண்டான்.

பகலில் அவன் விடுவதில்லை. ஒருமுறை வேளாங்கண்ணி காரணம் கேட்டாள்.

"பகல்ல விட்டா கடலும் சேந்து தெரியுது" என்றான்.

அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

படகில் இருப்பதுபோலவே இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, வாலில் வெள்ளை என்று விளக்கு ஒட்டியிருந்தான். இருட்டில் பிளேன் தெரியாது, விளக்கு மட்டும்தான். "செவப்பும் பச்சையும் சேந்து தெரிஞ்சா நம்மகிட்ட வருதுன்னு அர்த்தம். வெள்ளை மட்டும் தெரிஞ்சா நம்மள விட்டுப் போகுது." அந்தி மங்கியதும் மூன்று பேரும் கரைக்குப் போவார்கள். அவன் ரிமோட்டோடு நிற்பான். வேளாங்கண்ணி பிளேனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, சேலையைச் செருகிக்கொண்டு, ஈர மணலில் ஓடி, விட்டெறிவாள். கையிலிருந்து அது பிடுங்கிக்கொண்டு போகும் அந்த ஒரு நொடி அவளுக்குப் பிடித்திருந்தது. கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அவள் ஓடியது அப்போது மட்டும்தான்.

பிறகு நண்டு உரிக்கிற கம்பெனியில் அவளோடு வேலை பார்த்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஏ வேளாங்கண்ணி, ஒம் புருசன் ஏரோப்ளேன் ஓட்டுறாராமே. எங்களையும் ஒரு நாளைக்கு மதுரை வரைக்கும் ஏத்திட்டுப் போகச் சொல்லேன்." முதலில் அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து ஒருநாள் சிரிப்பு வரவில்லை. "எனக்கு வேலை கெடக்கு, என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு அவன் ஒரு கையில் ரிமோட்டும் ஒரு கையில் பிளேனுமாகத் தனியாகவே போனான். கடைசிச் சில வாரங்கள் பேச்சும் குறைந்திருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் இல்லன்னாலும் நீ சமாளிச்சுக்கிருவ" என்றான். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இப்ப மட்டும் யாரு சமாளிக்கிறா?" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் நின்று, "காத்து நல்லா இருக்கு. வாரியா?" என்று கேட்டான். அவள் நிமிர்ந்து பார்க்காமல் இல்லை என்று தலையாட்டினாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஏதோ சொல்லிவிட்டுப் போனான். 'வாரேன்' என்றானா, 'போறேன்' என்றானா? இதுதான் அவளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இரவு அவன் திரும்பாதபோதும் அவள் தேடவில்லை. மனத்தாங்கல் வந்தால் சீரியல் செட் வைத்திருக்கும் கோயில் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்வது அவன் வழக்கம்.

மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். முகம் மட்டும் தெரிந்தது. காதோரம் ஒரு துளி மணல் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை கழுவியும் அது போகவில்லை. வேளாங்கண்ணி அதை விரலால் எடுத்தாள். எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள். ஆஸ்லின் அப்பாவின் கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜெர்லின் கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்துகிடந்தது.

சதக் கீழக்கரையிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உடலின் அருகே வெகுநேரம் நின்றார். பிறகு வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"காலையில வாட்ஸாப்புல பாத்தேன் தங்கச்சி. நம்ப முடியல. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனான்."

"சொன்னாருண்ணே."

சதக் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பிளேன் கெடச்சுச்சா?"

"இல்ல."

"ரிமோட்டு?"

"கெடச்சுச்சு."

அவர் தொப்பியை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார். அவர் அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று வேளாங்கண்ணிக்குத் தெரிந்தது. வீட்டாரைத் தவிர அங்கே அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த இன்னொரு மனிதர் அவர்தான்.

"ஆன்ல இருந்துச்சா தங்கச்சி?"

அழுகைச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. வேளாங்கண்ணி வினோத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமாண்ணே. ஆன்லதான்."

கால்மாட்டில் இருந்த ஆஸ்லின் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் யாரையும் நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். சதக் தலையை ஆட்டினார். "அல்லா அவனுக்கு லேசாக்கி வைக்கட்டும்" என்று முணுமுணுத்தார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

நாலரை மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் இடது பக்கம் சவேரியார் தோள் கொடுத்தார். தம்பியோடு பேசாமல் இருந்தவர் வழியெல்லாம் பெட்டியின் மரத்தில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டே நடந்தார். கோயிலில் பூசை நடந்தது. ஃபாதர் எதையும் கேட்கவில்லை. கடலில் வேலை செய்கிறவர்களின் ஆபத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் மண் அள்ளிப் போடும்போது வேளாங்கண்ணியின் கை திறக்கவில்லை. ஜெர்லின் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது. முன்னறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். உடல் கிடந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. சதக் பக்கத்தில் எங்கேயோ தொழுதுவிட்டு வந்து, சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று வாசலில் நின்றார். சவேரியார் பந்தலடியில் ஒரு நாற்காலியில் தனியாக இருந்தார்.

"இருட்டுறதுக்குள்ள பாலத்தத் தாண்டிருங்கண்ணே" என்றாள் வேளாங்கண்ணி.

சமையலறையில் டிரம் மூடி தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. ஆஸ்லின் வந்தாள். முழங்கை வரை அரிசி மாவு. இரண்டு கையிலும் ரிமோட்டைப் பிடித்திருந்தாள். அவள் நடந்துவந்த வழியில் அரிசி உதிர்ந்தது. நேராகச் சதக்கிடம் போய் நீட்டினாள்.

"மாமா, இது ஆஃப்லதான் இருந்துச்சு. அம்மா ஒங்ககிட்டப் பொய் சொன்னாங்க."

அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

சதக் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். ரிமோட்டை வாங்கினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஏதோ யோசனையில் அடிப்பக்கத்து ஸ்விட்சைத் தேடி மேலே தள்ளினார்.

ரிமோட் கத்தியது. கீ கீ என்று, நிறுத்தாமல், காது கூச. மெழுகுவர்த்தி எரியும் அந்த வெறும் அறையில் அது தாங்க முடியாத சத்தமாக இருந்தது. சதக் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"செல்லு செத்துக் கெடக்கே, அதான் கத்துது... ஞாயித்துக்கிழமதான் நானே புதுச் செல்லு நாலும் போட்டுக் குடுத்தேன்..."

"அத நிப்பாட்டுங்க!"

சவேரியார் பந்தலிலிருந்து உள்ளே வந்திருந்தார். வந்த வேகத்தில் சதக்கின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவருடைய கட்டைவிரல் அடியில் போய், கறுப்புக்குள் கறுப்பாக இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்சைக் கீழே இழுத்தது.

சத்தம் நின்றது.

தெருவில் ஒரு சைக்கிள் போனது. வேளாங்கண்ணி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அந்த ஸ்விட்சைக் கண்டுபிடிக்க முதல் வாரம் முழுவதும் ஆகியிருந்தது.

"அத்தான்" என்றாள். "இத அணைக்க ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

சவேரியார் ரிமோட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு சுவரோரம் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார்.

"காலையில இப்பிடித்தான் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு ஆத்தா" என்றார். "பச்சையா ஒரு வெளக்கு மின்னுது. கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு என்ன தெரியும்? வாக்கி டாக்கின்னு நெனச்சேன். எவங்கூடயோ பேசுறான்னு நெனச்சேன்."

"எவங்கூட?"

அவர் ரிமோட்டைத் தரையில் வைத்தார்.

"மூணு வருசமா அப்பிடித்தான் நெனச்சேன். ஏரோப்ளேனுன்னு ஊரே சொல்லுச்சு, நான் நம்பல. ராத்திரியில கரையில நின்னு செவப்பும் பச்சையுமா லைட்டுக் காட்டுறான். செயிலுக்குப் போயிட்டு வந்தவன். அங்கன எவனையோ புடிச்சுக்கிட்டு, கடத்தல் சாமான் வர்ற படகுக்கு இங்கனருந்து அடையாளம் காட்டுறான்னு நெனச்சேன். பேண்ட் சட்டை போட்ட போலீசு ரெண்டு பேரு வந்து எங்கிட்டக் கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். தம்பிகிட்டப் போயி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல." அவர் மூக்கை உறிஞ்சினார். "போலீசு வந்து இது கத்துறதப் பாத்தா, செத்த பொறகும் அவனுக்குக் கெட்ட பேருன்னு நெனச்சு, தடவித் தடவி அமுக்குனேன். எங்கயோ பட்டு நின்னுச்சு. வேட்டியால தொடச்சு, சட்டை மேல வச்சேன்."

"அப்ப ராத்திரி பூரா ஆன்ல கெடந்திருக்கு" என்றார் சதக், மெல்ல, பிள்ளையைப் பார்த்து. "அதான் செல்லு செத்துப்போச்சு."

வேளாங்கண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒன்று இருந்தது.

"சட்டை?"

"சட்டை மணல்ல சுருட்டி எறிஞ்ச மாதிரிக் கெடந்துச்சு. நாந்தான் மடிச்சேன். அவன் சட்டைய அப்பிடிப் போட்டு வைக்க மனசு கேக்கல ஆத்தா."

"செருப்பு?"

"ஒண்ணு வத்தைகிட்டக் கெடந்துச்சு." சவேரியார் கையை மெழுகுவர்த்திப் பக்கம் காட்டினார். பிறகு கையை நீட்டி வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டிக் காட்டினார். "இன்னொண்ணு அங்கன, தண்ணிகிட்ட. குப்புறக் கெடந்துச்சு. எடுத்தாந்து சோடி சேத்து வச்சேன். நாலு பேரு வந்து பாக்குற எடம். ஒழுங்கா இருக்கட்டும்னுதான்."

ஓடியிருக்கிறான். ஒரு செருப்பு கழன்றதைக்கூடக் கவனிக்காமல், ரிமோட்டை எரியவிட்டுப் போட்டுவிட்டு, சட்டையைச் சுருட்டி எறிந்துவிட்டு ஓடியிருக்கிறான். கடலில் கால் வைப்பதில்லை என்றவன், தண்ணீரில் மிதக்கும் ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர ஓடியிருக்கிறான். தண்ணீருக்குள் என்ன நடந்தது, கிழிந்த வலை காலைச் சுற்றியதா, கைகால் இழுப்பு வந்ததா, அது யாருக்கும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. ஆனால் ரிமோட் விடியும்வரை எரிந்துகொண்டிருந்தது. அவன் வந்து அணைக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு அவள் தூங்கியிருந்தாள்.

"பெரியப்பா" என்றாள் ஆஸ்லின். "தண்ணிகிட்டக் கெடந்தது எந்தக் கால் செருப்பு?"

சவேரியார் யோசித்தார். "எடக்காலு" என்றார். பிறகு, "இல்ல, வலக்காலா..." என்று தலையை ஆட்டினார். "நெனவில்ல ஆத்தா. கையில எடுத்தேன், பாக்கல." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சதக் குனிந்து அவர் தோளில் கைவைத்து, கைவைத்தபடியே நின்றார்.

ஆஸ்லின் தரையில் உதிர்ந்திருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள். வாசல்வரை பொறுக்கிக்கொண்டே போய்த் திரும்பிவந்தாள்.

"அம்மா" என்றாள். "பசிக்குது."

அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. வேளாங்கண்ணி எழுந்து ஜெர்லின் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். அவர்கள் வீட்டில் கஞ்சி இருந்தது. தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அடக்கம் முடிந்துவிட்டதால், சந்தின் முடிவில் தெரிந்த கடலில் படகுகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. அவள் சற்று நின்றாள். எல்லாவற்றிலும் பின்விளக்கின் வெள்ளை மட்டும் தெரிந்தது. கஞ்சி ஆறிவிடும் என்று நடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது அதிகமில்லை. சவேரியார் அடுத்த ஆண்டு படகை விற்றுவிட்டார். இப்போது மண்டபம் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறார், ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போகிறார். சதக் மறுபடியும் துபாய்க்குப் போய்விட்டார்; ஈஸ்டருக்கும் கிறிஸ்துமசுக்கும் போன் செய்கிறார். ஆஸ்லின் ராமநாதபுரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். பிளேன் எதுவும் செய்வதில்லை. வேளாங்கண்ணி அதே நண்டுக் கம்பெனியில்தான் இருக்கிறாள். அங்கே யாரும் இப்போது கேலி பேசுவதில்லை. அவளுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது. பிளேன் கடைசிவரை கிடைக்கவில்லை. ரிமோட், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செல் நான்கையும் கழற்றியாகிவிட்டது. ஸ்விட்ச் மட்டும் மேலே தள்ளியபடியே இருக்கிறது. தூசி துடைக்கும்போதும் யாரும் அதைக் கீழே இறக்குவதில்லை.